நல்ல படுக்கை தோழர்களுக்கு! தென் துருவ வீரர் ஷாக்கிள்டன் வரலாறு

தென் துருவத்துக்குப் புறப்பட்டவர்களில் பெரும் புகழ் பெற்றவர் சர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன். ஆனால், தென் துருவத்தில் அவர் கால் பட்டதே இல்லை! மூன்று முறை புறப்பட்டார். மூன்று முறையும் போய்ச் சேர முடியவில்லை.

பிறகு எதற்காக அவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது?

கப்பல் நொறுங்கிப் போய், பனிக்கட்டி மீது திக்கற்று நின்ற 27 பேரை, ஒருவர்கூடக் குறையாமல் அவர் காப்பாற்றினார். அதற்காகத்தான்.

அந்தக் கதையில் கப்பல் வருகிறது, படகு வருகிறது, புயல் வருகிறது. இவற்றோடு ஒரு சாதாரணப் பொருளும் வருகிறது. தூங்குவதற்கான ஒரு பை! யாருக்கு நல்ல பை, யாருக்கு மட்டமான பை என்ற கேள்வி எழுந்தபோது, ஷாக்கிள்டன் எப்படிப்பட்ட தலைவர் என்பது தெரிந்துவிட்டது.

படுக்கைப் பை

மார்கழி மாதத்துப் பனிக்கே நாம் போர்வையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொள்கிறோம். தென் துருவப் பகுதியில் எங்கு பார்த்தாலும் பனிக்கட்டி. வாளியில் வைத்த தண்ணீர் கல்லாகிவிடும். அங்கே போர்வை போதாது. காற்றடித்தால் விலகிவிடும். ஆகவே, துருவப் பயணிகள் ஒரு நீண்ட பைக்குள் நுழைந்து, வாயை மூடிக்கொண்டு தூங்குவார்கள். அதுவே படுக்கைப் பை.

அந்தக் காலத்தில் பனிமானின் தோலால் இந்தப் பைகளைத் தைத்தார்கள். பனிமான், நார்வே போன்ற வட நாடுகளில் வாழும் விலங்கு. அதன் ரோமம் உள்ளே காற்றறைகள் உடையது. ரோமத்தின் உள்ளேயும், ரோமங்களுக்கு இடையிலும் காற்று தங்கும். அந்தக் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. ரோமம் உள்பக்கம் இருக்கும்படி பையைத் தைப்பார்கள்.

இந்தப் பைக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. அது ஈரம்! பை நனைந்தால், காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்ளும். காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் அதிகமாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த பைக்குள் படுத்தவனின் சூடெல்லாம் போய்விடும்.

அப்படியானால் தண்ணீர் புகாத ரப்பர் துணியால் பை தைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ரப்பர் துணி அப்போது இருக்கத்தான் செய்தது. ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் மக்கின்டோஷ், 1823-ம் ஆண்டிலேயே அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றுவிட்டார். ஆனால், ரப்பர் துணி மழையை உள்ளே விடாதது போல வேர்வையையும் வெளியே விடாது. இரவு முழுவதும் மனிதனின் உடம்பிலிருந்தும் மூச்சிலிருந்தும் ஈரம் வந்துகொண்டே இருக்கும். வெளியே மழைக்குத் தப்பியவன், உள்ளே தன் வேர்வையிலேயே நனைவான். துருவத்தில் அந்த வேர்வை பனிக்கட்டியாகவும் உறைந்துவிடும்!

பிறப்பு

எர்னஸ்ட் ஷாக்கிள்டன் 1874-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி அயர்லாந்து நாட்டில் பிறந்தார். கில்டேர் மாவட்டத்தில் உள்ள கில்க்கி என்பது அவர் ஊர். தந்தை பெயர் ஹென்றி. வீட்டில் மொத்தம் 10 குழந்தைகள். எர்னஸ்ட் இரண்டாவது பிள்ளை.

தந்தை முதலில் விவசாயம் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டு, டாக்டருக்குப் படித்துத் தேறினார். குடும்பம் லண்டனுக்குக் குடியேறியது. எர்னஸ்ட் அங்கே டல்விச் கல்லூரிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். தம்மைப் போலவே மகனும் டாக்டராக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனின் ஆசையோ கடல் மீது இருந்தது. 16 வயதில் படிப்பை விட்டுவிட்டு, ஒரு பாய்மரக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார்.

படிப்படியாக உயர்ந்தார். 1898-ல், கப்பல் தலைவர் ஆவதற்கான தேர்வில் வெற்றி பெற்றார். அப்போது அவருக்கு வயது 24.

ஸ்காட்டுடன்

1901-ம் ஆண்டு, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஸ்காட், 'டிஸ்கவரி' என்ற கப்பலில் தென் துருவப் பகுதிக்குப் புறப்பட்டார். ஷாக்கிள்டன் அதில் அதிகாரியாகச் சேர்ந்தார்.

ஸ்காட், டாக்டர் வில்சன், ஷாக்கிள்டன் ஆகிய மூவரும் துருவத்தை நோக்கி நடந்தார்கள். அதற்கு முன் யாரும் போகாத தூரம் வரை போனார்கள். 1902 டிசம்பர் 30-ந் தேதி, 82 டிகிரி 17 நிமிடம் என்ற இடத்தோடு திரும்பினார்கள். சரியான உணவு இல்லை. பசுமையான காய்கறி, புது இறைச்சி கிடைக்காததால் வரும் ஸ்கர்வி நோய் மூவரையும் பிடித்தது. ஷாக்கிள்டன் இருமி இருமி ரத்தம் துப்பினார். அவர் இனி இங்கே இருக்கக்கூடாது என்று முடிவு செய்த ஸ்காட், 1903-ல் அவரை வேறு கப்பலில் ஊருக்கு அனுப்பிவிட்டார்.

இது ஷாக்கிள்டனுக்குப் பெரிய மனக்குறை. சொந்தமாக ஒரு குழுவைத் திரட்டிக்கொண்டு மீண்டும் வருவது என்று உறுதி கொண்டார். இதற்கிடையில் 1904-ல் எமிலி டார்மன் என்ற பெண்ணை மணந்துகொண்டார்.

பை வாங்கப் போனார்

பணம் திரட்டுவது எளிதாக இல்லை. பணக்காரர்களின் வீட்டுப் படி ஏறி இறங்கினார். கடைசியில் 1907-ல் 'நிம்ரோட்' என்ற பழைய கப்பல் தயாராயிற்று.

பயணச் சாமான் வாங்க ஷாக்கிள்டன் நேரே நார்வேக்குப் போனார். சறுக்கு வண்டிகளுக்குச் சொல்லிவிட்டு, டிராம்மன் என்ற ஊரில் படுக்கைப் பைகளுக்கு ஏற்பாடு செய்தார். அங்கே அவர் கவனித்த விஷயம் முக்கியமானது. கிழட்டு மானின் தோல் வேண்டாம், இளம் மானின் தோல்தான் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தார். ஏன்? இளம் மானின் ரோமம் குட்டையாகவும் அடர்த்தியாகவும் இருக்கும். ஈரம் பட்டாலும் லேசில் உதிராது. கிழட்டு மானின் ரோமம் ஈரத்தில் கொத்துக் கொத்தாக உதிர்ந்துவிடும். ரோமம் போனால் பை வெறும் தோல்தான்.

தனி ஆளுக்கு ஒரு பை உண்டு. மூன்று பேர் ஒன்றாகப் படுக்கும் பெரிய பையும் உண்டு. பெரிய பையில் சூடு அதிகம். ஆனால், ஒருவர் புரண்டால் மற்ற இருவரும் விழித்துக்கொள்ள வேண்டும்!

180 கிலோ மீட்டர் பாக்கி

1908 அக்டோபர் 29-ந் தேதி ஷாக்கிள்டன், பிராங்க் வைல்டு, ஆடம்ஸ், டாக்டர் மார்ஷல் ஆகிய நால்வரும் துருவத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். வண்டி இழுக்க நான்கு மட்டக் குதிரைகள். போகும் வழியில் மூன்று குதிரைகள் தளர்ந்துவிட்டன. அவற்றைச் சுட்டுக் கொல்ல வேண்டியதாயிற்று. நான்காவது குதிரை, பனி வெடிப்புக்குள் விழுந்து மறைந்தது. பிறகு மனிதர்களே வண்டியை இழுத்தார்கள்.

1909 ஜனவரி மாதம் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. சுமார் 60 மணி நேரம் நால்வரும் கூடாரத்துக்குள் பையை விட்டு அசைய முடியவில்லை. புயல் நின்றதும் ஓட்டமும் நடையுமாகக் கடைசி முயற்சி செய்தார்கள். ஜனவரி 9-ந் தேதி 88 டிகிரி 23 நிமிடத்தை அடைந்தார்கள்.

துருவத்துக்கு இன்னும் சுமார் 180 கிலோ மீட்டர்தான் பாக்கி! போனால் உலகப் புகழ். ஆனால், திரும்பி வர உணவு போதாது. ஷாக்கிள்டன் கணக்குப் பார்த்தார். தோழர்களின் முகத்தைப் பார்த்தார். திரும்பிவிடுவது என்று முடிவு செய்தார்.

திரும்பும் வழியில் வைல்டுக்கு வயிற்றுக் கடுப்பு. பசியால் துவண்டு போனார். ஆளுக்கு எண்ணிக் கொடுத்த பிஸ்கட்டில், தம் பங்குக்கு வந்ததை ஷாக்கிள்டன் வைல்டின் கையில் திணித்தார். வேண்டாம் என்று மறுத்தும் விடவில்லை. அந்த ஒரு பிஸ்கட்டைப் பணத்தால் மதிப்பிட முடியாது என்று வைல்டு தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அன்று முதல் வைல்டு, ஷாக்கிள்டனின் வலது கையானார்.

நால்வரும் உயிரோடு திரும்பினார்கள். ஷாக்கிள்டனுக்கு அதே ஆண்டு 'சர்' பட்டம் கிடைத்தது.

1911 டிசம்பர் 14-ந் தேதி நார்வேக்காரர் அமுண்ட்சென் துருவத்தில் கொடி நாட்டினார். ஒரு மாதம் கழித்து ஸ்காட்டும் போய்ச் சேர்ந்தார். ஆனால் திரும்பும் வழியில் ஸ்காட்டும் அவருடைய தோழர்கள் நால்வரும் மாண்டார்கள். ஸ்காட் உள்பட மூவரின் உடல்கள், கூடாரத்தில், படுக்கைப் பைகளுக்குள்ளேயே கிடைத்தன.

கப்பல் நொறுங்கியது

துருவத்தை அடையும் புகழ் கை நழுவிவிட்டது. ஷாக்கிள்டன் புதிய திட்டம் போட்டார். ஒரு கடற்கரையில் இறங்கி, துருவத்தின் வழியாக நடந்து, மறு கடற்கரைக்குப் போக வேண்டும். இதற்காக வாங்கிய கப்பலுக்கு 'எண்டூரன்ஸ்' என்று பெயர் வைத்தார். எதையும் தாங்கும் சக்தி என்று அதற்குப் பொருள்.

1914 ஆகஸ்டில் புறப்படும் நேரம். முதல் உலகப் போர் மூண்டது. கப்பலையும் ஆட்களையும் போருக்கே கொடுத்துவிடுவதாக ஷாக்கிள்டன் சொன்னார். பயணத்தைத் தொடருமாறு கடற்படை இலாகா பதில் அனுப்பியது.

1915 ஜனவரியில், கரைக்குப் போய்ச் சேருமுன்பே வெடல் கடலில் கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. பாகில் விழுந்த ஈயைப் போல அசைய முடியவில்லை. மாதங்கள் ஓடின. பனிக்கட்டி நகர்ந்த பக்கமெல்லாம் கப்பலும் நகர்ந்தது. கடைசியில் பனிக்கட்டிகள் இரு பக்கமும் நெருக்கின. மரச்சட்டங்கள் முறிந்தன. அக்டோபர் 27-ந் தேதி, கப்பலை விட்டு இறங்கும்படி ஷாக்கிள்டன் உத்தரவிட்டார். நவம்பர் 21-ந் தேதி கப்பல் மூழ்கியது.

28 பேர் பனிக்கட்டி மீது நின்றார்கள். காலுக்குக் கீழே பனிக்கட்டி. அதற்கும் கீழே ஆழ்கடல். அவர்கள் இருக்கும் இடம் வெளி உலகில் ஒருவருக்கும் தெரியாது.

திருவுளச் சீட்டு

அன்றிரவு எங்கே படுப்பது? எதில் படுப்பது?

எடுத்துப் பார்த்தார்கள். பனிமான் தோல் பைகள் 18-தான் இருந்தன. மீதி 10 பேருக்குக் கம்பளித் துணியால் ஆன பைகள். தோல் பை கனமானது, கதகதப்பானது. கம்பளிப் பை மெல்லியது. அந்தக் குளிருக்குத் தாங்காது.

கப்பலில் அதிகாரிகள் உண்டு, விஞ்ஞானிகள் உண்டு, டாக்டர்கள் உண்டு. கரி தள்ளுபவர்கள், பாய்மரம் ஏறும் மாலுமிகள், சமையற்காரர் எல்லோரும் உண்டு. கப்பல் வழக்கப்படி பார்த்தால் முதல் தரம் அதிகாரிகளுக்கு, மிச்சம் மற்றவர்களுக்கு. யாரும் வாய் திறந்து கேட்டிருக்க மாட்டார்கள்.

ஷாக்கிள்டன் அப்படிச் செய்யவில்லை. திருவுளச் சீட்டு போடச் சொன்னார்.

சீட்டு எடுத்தார்கள். முடிவு வந்தது. தலைவர் ஷாக்கிள்டனுக்குக் கம்பளிப் பை! துணைத் தலைவர் வைல்டுக்குக் கம்பளிப் பை! கப்பல் தலைவர் வொர்ஸ்லிக்கும் கம்பளிப் பை! அதிகாரிகள் வேறு சிலருக்கும் அதே கதி. கதகதப்பான தோல் பைகள் சாதாரண மாலுமிகளுக்குப் போயின.

அதிர்ஷ்டம் இப்படி ஒரே பக்கம் சாயுமா? இந்தச் சீட்டில் ஏதோ சூது இருக்கிறது என்று ஓர் அமெரிக்க மாலுமிக்குச் சந்தேகம் வந்தது. அதை அவர் எழுதியும் வைத்தார். சூது செய்பவர்கள் தங்களுக்கு நல்லதை எடுத்துக்கொள்வதுதான் உலக வழக்கம். இங்கே சூது நடந்திருந்தால், அது தங்களுக்குக் கெட்டதை எடுத்துக்கொள்ள நடந்த சூது!

மூட்டை முடிச்சுகளைக் குறைக்க வேண்டி வந்தது. ஆளுக்குச் சில ராத்தல் எடைதான் என்று ஷாக்கிள்டன் கட்டளை போட்டார். முதலில் தம்முடைய தங்கக் காசுகளை எடுத்து எல்லோர் கண் முன்னாலும் பனியில் எறிந்தார். ஆனால், ஒரு பாஞ்சோ வாத்தியத்தை மட்டும் எறியக் கூடாது என்றார். அது மனத்துக்கு மருந்து என்பது அவர் எண்ணம்.

பைக்குள் இருந்தபடியே கடலில் விழுந்தார்

ஐந்து மாதத்துக்கு மேல் பனிக்கட்டி மீதே வாழ்ந்தார்கள். கடல் நாயையும் பெங்குவின் பறவையையும் தின்றார்கள். கூடாரத் துணி மிக மெல்லியது. தரையில் விரித்த துணியிலோ ஈரம் ஏறியது. படுத்தவர்களின் உடம்புச் சூட்டில் கீழே பனி உருகிக் குட்டையாயிற்று. கோடைக்காலம் வந்தபோது குளிர் குறைந்தது; ஆனால் ஈரம் கூடிவிட்டது. உறைந்த பனியைவிட உருகும் பனி பெருந்தொல்லை. கப்பலின் பலகைகளைக் கொண்டு வந்து கீழே போட்டு, அதன்மேல் பையை விரித்துப் படுத்தார்கள்.

1916 ஏப்ரல் 9-ந் தேதி பனிக்கட்டி உடைந்து வழி விட்டது. மூன்று படகுகளில் ஏறினார்கள். இரவு ஒரு மிதக்கும் பனிப்பாறை மீது கூடாரம் அடித்தார்கள்.

நள்ளிரவு நெருங்கும் நேரம். ஷாக்கிள்டனுக்குத் தூக்கம் வரவில்லை. வெளியே உலாவினார். திடீரென்று பாறை பிளந்தது! மாலுமிகள் தூங்கிய கூடாரத்துக்கு நேர் கீழே பிளவு ஓடியது. கூடாரத் துணி விரிந்து கிழிந்தது. ஷாக்கிள்டன் ஓடினார். கீழே கறுப்புத் தண்ணீரில் வெண்மையாக ஏதோ நெளிந்தது. படுக்கைப் பை! உள்ளே ஒரு மனிதர்!

ஷாக்கிள்டன் குப்புறப் படுத்தார். கையை நீட்டிப் பையைப் பிடித்தார். மனிதரையும் பையையும் சேர்த்து ஒரே மூச்சில் மேலே இழுத்துப் போட்டார். சில விநாடிகளில் பிளந்த பாறைகள் இரண்டும் பலமாக மோதி மூடிக்கொண்டன.

விழுந்தவர் ஹோல்னெஸ் என்ற மாலுமி. மாற்று உடை கிடையாது. அவரைப் படுக்க விட்டிருந்தால் விறைத்துப் போயிருப்பார். ஆகவே, உடை உடம்பிலேயே காயும்வரை இரவு முழுவதும் அவரை நடக்க வைத்தார்கள். புகையிலை கடலோடு போய்விட்டதே என்பதுதான் ஹோல்னெஸின் கவலை!

ஏப்ரல் 15-ந் தேதி யானைத் தீவில் கரை ஏறினார்கள். 16 மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாக அவர்கள் கால் மண்ணைத் தொட்டது.

18 கிலோ எடையுள்ள பை

யானைத் தீவில் மனிதர்கள் கிடையாது. அந்தப் பக்கம் கப்பலும் வராது. உதவி வேண்டுமானால் தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் போக வேண்டும். அங்கே திமிங்கிலம் பிடிப்பவர்கள் இருந்தார்கள். தூரமோ சுமார் 800 கடல் மைல். நடுவில் உலகிலேயே கொந்தளிப்பு மிகுந்த கடல். கையில் இருந்ததோ 'ஜேம்ஸ் கெயர்டு' என்ற 22 அடிப் படகு!

ஏப்ரல் 24-ந் தேதி ஷாக்கிள்டன், வொர்ஸ்லி, டாம் கிரியன், தச்சர் மக்னிஷ், மக்கார்த்தி, வின்சென்ட் ஆகிய ஆறு பேர் புறப்பட்டார்கள். மற்ற 22 பேருக்கும் வைல்டைத் தலைவராக வைத்துவிட்டுப் போனார்கள்.

படகில் ஆறு தோல் பைகள் இருந்தன. மூன்று பேர் காவல் இருக்க, மூன்று பேர் தூங்குவார்கள். நான்கு மணிக்கு ஒரு தடவை மாற்றம். தூங்கும் இடம், படகின் மூக்குப் பக்கம். பாரத்துக்காகப் போட்ட கற்களின் மேல் ஊர்ந்து உள்ளே போக வேண்டும். மேலே கட்டிய துணியிலிருந்து கடல் நீர் ஒழுகியது. பைகள் ஊறிப் போயின. ரோமம் உதிரத் தொடங்கியது. உதிர்ந்த ரோமம் மூக்கில் போயிற்று, வாயில் போயிற்று, சமைத்த கஞ்சியில் விழுந்தது, தண்ணீர் இறைக்கும் குழாயை அடைத்தது.

ஏழெட்டு நாள் சென்றதும் குளிர் கூடியது. படகின் மேல் அடித்த நீர் எல்லாம் பனிக்கட்டியாக உறைந்தது. பாரம் தாங்காமல் படகு அமிழத் தொடங்கியது. கோடரியால் பனியைக் கொத்தி எறிந்தார்கள். பிறகு எதைக் கடலில் எறியலாம் என்று பார்த்தார்கள். இரண்டு படுக்கைப் பைகளைத் தூக்கி எறிந்தார்கள். தண்ணீரில் ஊறி, பலகையைப் போல விறைத்துக் கிடந்த ஒவ்வொரு பையும் சுமார் 18 கிலோ எடை இருந்தது!

இதனால் நஷ்டம் இல்லை. ஏனென்றால், உறைந்த பைக்குள் நுழைந்து அதைத் தன் உடம்புச் சூட்டில் உருக்குவதைவிட, இன்னொருவர் அப்போதுதான் விட்டு எழுந்த ஈரப் பைக்குள் நுழைவதே மேல். ஈரமாக இருந்தாலும் அதில் மனிதச் சூடு கொஞ்சம் மிச்சம் இருக்கும். மீதி இருந்த நான்கு பைகளில் மூன்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். ஒன்றைத் தனியே வைத்தார்கள். யாராவது அடியோடு விழுந்துவிட்டால் அவருக்கு!

சூரியன் முகம் காட்டியது சில தடவைதான். அதை வைத்தே வொர்ஸ்லி வழி கண்டுபிடித்தார். மே 10-ந் தேதி தெற்கு ஜார்ஜியாவில் கரை சேர்ந்தார்கள்.

பையை விட்டுப் போனார்கள்

கரை சேர்ந்தது தீவின் யாரும் இல்லாத பக்கம். ஊர் இருப்பது மறு பக்கம். நடுவில் பனி மலைகள். அதுவரை யாரும் கடந்ததில்லை. மக்னிஷும் வின்சென்டும் நடக்க முடியாத நிலையில் இருந்தார்கள். அவர்களுக்குத் துணையாக மக்கார்த்தி தங்கினார்.

மே 19-ந் தேதி அதிகாலை ஷாக்கிள்டன், வொர்ஸ்லி, கிரியன் மூவரும் புறப்பட்டார்கள். 50 அடிக் கயிறு, தச்சரின் வாய்ச்சி, சிறிது உணவு, ஒரு சிறு அடுப்பு. படுக்கைப் பைகளை வேண்டுமென்றே விட்டுப் போனார்கள். பாரம் இல்லாமல் வேகமாகப் போக வேண்டும்; நடுவில் தூங்கக் கூடாது; இதுதான் திட்டம்.

வழியில் ஓரிடத்தில் மூவரும் உட்கார்ந்தார்கள். மற்ற இருவரும் உடனே தூங்கிப் போனார்கள். பையில்லாமல் பனியில் தூங்குவது சாவுக்கு வழி என்பது ஷாக்கிள்டனுக்குத் தெரியும். ஐந்தே நிமிடத்தில் எழுப்பினார். அரை மணி தூங்கியதாக அவர்களிடம் பொய் சொன்னார்! அவர்களும் அதை நம்பித் தெம்போடு எழுந்து நடந்தார்கள்.

36 மணி நேரம் நடந்து, மே 20-ந் தேதி ஸ்ட்ராம்னஸ் என்ற திமிங்கிலத் தொழில் ஊரை அடைந்தார்கள்.

தினமும் சுருட்டிய பைகள்

யானைத் தீவில் இருந்த 22 பேர் என்ன ஆனார்கள்?

இரண்டு படகுகளையும் கவிழ்த்துப் போட்டுக் கூரையாக்கினார்கள். கீழே கல் சுவர். உள்ளே ஒரே இருட்டு, புகை. பனி உருகிய தண்ணீர் தரையில் தேங்கும். குழி தோண்டி அதை இறைத்து ஊற்ற வேண்டும். பைகள் ஒரு நாள்கூட நன்றாகக் காயவில்லை. பிளாக்பரோ என்ற இளைஞரின் கால் விரல்கள் குளிரில் அழுகின. டாக்டர்கள் மக்கில்ராயும் மக்கிலினும் அந்தக் குடிசையிலேயே அறுவைச் சிகிச்சை செய்து அவர் உயிரைக் காத்தார்கள்.

ஆனால் வைல்டு ஒரு வழக்கத்தை விடவில்லை. பொழுது விடிந்ததும், எல்லோரும் படுக்கைப் பைகளைச் சுருட்டிக் கட்டும்படி சொல்வார். தலைவர் இன்று வந்தாலும் வரலாம், புறப்படத் தயாராக இருங்கள் என்பது அதன் பொருள். வாரக் கணக்கில், மாதக் கணக்கில் சுருட்டினார்கள். மறுபடி இரவில் விரித்தார்கள். நம்பிக்கையே கைத்தொழிலாயிற்று!

ஷாக்கிள்டனும் சும்மா இருக்கவில்லை. மூன்று முறை மூன்று கப்பல்களில் போனார். மூன்று முறையும் பனிக்கட்டி வழி மறித்தது. நான்காவது முறை, சிலி நாட்டு அரசு கொடுத்த 'எல்ச்சோ' என்ற சிறு கப்பலில் போனார். அதன் தலைவர் லூயிஸ் பார்டோ. 1916 ஆகஸ்ட் 30-ந் தேதி தீவு தெரிந்தது. படகில் நெருங்கியபடியே ஷாக்கிள்டன் கரையில் நின்ற தலைகளை எண்ணினார். 22! ஒரு மணி நேரத்துக்குள் எல்லோரும் கப்பலில் ஏறிவிட்டார்கள்.

மறு பக்கமும் உண்டு

ஷாக்கிள்டன் குறையே இல்லாத மனிதர் அல்ல. மறு கடற்கரையில் அவருக்காக உணவு வைக்கப் போன இன்னொரு குழுவில் மூன்று பேர் இறந்தார்கள். மீதிப் பேரை அழைத்து வர 1917 ஜனவரியில் அவரே கப்பலில் போனார்.

பயணம் முடிந்ததும் துருவப் பதக்கம் கொடுத்தார்கள். எண்டூரன்ஸ் ஆட்களில் நான்கு பேருக்கு அது கிடைக்கவில்லை. ஷாக்கிள்டன் அவர்களுக்குச் சிபாரிசு செய்யவில்லை. நால்வரில் ஒருவர் தச்சர் மக்னிஷ். பனிக்கட்டி மீது இருந்தபோது ஒரு முறை அவர் கட்டளைக்கு மறுத்தார் என்பது உண்மை. ஆனால் 'ஜேம்ஸ் கெயர்டு' படகைக் கடலுக்குத் தாங்கும்படி செய்த கை அவருடைய கை! இன்னொருவர், பையோடு கடலில் விழுந்த ஹோல்னெஸ். உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியவரே பதக்கத்தைக் கொடுக்காமல் விட்டார். இந்த மனக்குறை அந்தக் குழுவில் பலருக்கு இருந்தது.

பண விஷயத்திலும் அவர் கெட்டிக்காரர் அல்ல. தொட்ட வியாபாரம் எதுவும் துலங்கவில்லை. பெருங்கடன் வைத்துவிட்டே இறந்தார்.

ஈரத்துக்கு மருந்து

ஷாக்கிள்டன் பட்ட பாட்டிலிருந்து, மழைக்காலத்தில் முகாம் போடும் எவரும் பாடம் கற்கலாம். இன்று தண்ணீரை உள்ளே விடாமல் வேர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் துணிகள் வந்துவிட்டன. பையின் மேலுறைக்கு அப்படிப்பட்ட துணியே நல்லது. உள்ளே அடைத்திருப்பது எது என்றும் பார்க்க வேண்டும். பறவையின் மெல்லிறகு லேசானது, சூடானது. ஆனால் நனைந்தால் பந்தாகச் சுருண்டுவிடும். செயற்கைப் பஞ்சு சற்றுக் கனம். ஆனால் நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். மேலே வரும் மழையைப் போலவே கீழே ஊறும் ஈரத்தையும் தடுக்க வேண்டும். எனவே, தரை விரிப்பு இல்லாமல் பையை விரிக்கக் கூடாது. வெயில் முகம் காட்டினால் உடனே பையை உலர்த்த வேண்டும்.

கடைசிப் பயணம்

1921-ல் ஷாக்கிள்டன் 'குவெஸ்ட்' என்ற கப்பலில் மீண்டும் தெற்கே புறப்பட்டார். பழைய தோழர்கள் பலர் கூடவே வந்தார்கள். வைல்டு, வொர்ஸ்லி, இரு டாக்டர்கள் ஆகியோரும் அதில் உண்டு. சம்பளத்துக்காக அல்ல, தலைவருக்காக வந்தார்கள்.

கப்பல் தெற்கு ஜார்ஜியாவை அடைந்தது. 1922 ஜனவரி 5-ந் தேதி விடியுமுன் அவருக்கு மாரடைப்பு வந்தது. டாக்டர் மக்கிலின் பக்கத்தில் இருந்தும் பயன் இல்லை. வயது 47தான்.

உடலை இங்கிலாந்துக்கு எடுத்துப் போகப் புறப்பட்டார்கள். மனைவி எமிலி வேண்டாம் என்று தந்தி கொடுத்தார். கணவர் மனம் விரும்பிய இடத்திலேயே அவர் உறங்கட்டும் என்பது அந்த அம்மையாரின் விருப்பம். அதன்படி மார்ச் 5-ந் தேதி தெற்கு ஜார்ஜியாவில், திமிங்கிலத் தொழிலாளர்களின் சிறு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

சரியாக 100 ஆண்டு கழித்து, 2022 மார்ச் 5-ந் தேதி, வெடல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில் எண்டூரன்ஸ் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். பின்புறத்தில் அதன் பெயர் எழுத்து மாறாமல் இருந்தது. 'ஜேம்ஸ் கெயர்டு' படகு, அவர் படித்த டல்விச் பள்ளியில் இருக்கிறது.

பிஸ்கட் பெற்றுக்கொண்ட வைல்டு 1939-ல் தென் ஆப்பிரிக்காவில் காலமானார். அவருடைய சாம்பலை 2011-ல் தெற்கு ஜார்ஜியாவுக்குக் கொண்டு வந்து, ஷாக்கிள்டன் சமாதியின் வலப் பக்கத்தில் புதைத்தார்கள்.